கப்பல் வேலைக்குப் போகணுமா? முதல்ல கேக்க வேண்டியது காலேஜ் பேர் இல்ல

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து என் போன் அடிக்க ஆரம்பிச்சிடும். நான் லீவுல ஊர்ல இருந்தேன்னா வீட்டுக்கே வந்துடுவாங்க, பையன், பையனோட அப்பா, கூட ஒரு மாமா. எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "கப்பல் படிப்புக்கு எந்த காலேஜ் நல்லது?" நானும் திருப்பி ஒரே கேள்விதான் கேப்பேன், "கோர்ஸ் முடிச்சதும் இவன முதல் கப்பல்ல யார் ஏத்தி விடப் போறா?" அதுக்கு பெரும்பாலும் பதில் வராது. "பிளேஸ்மென்ட் இருக்குன்னு சொன்னாங்க தம்பி"ன்னு அப்பா மெதுவா சொல்வார்.

அந்தக் கேள்விக்கு எழுத்துல பதில் கிடைக்கிற வரைக்கும் ஒரு ரூபா கட்டாதீங்க. இத சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

ஏன்னா கப்பல் வேலைல கிளாஸ்ல உக்காந்து படிச்சா மட்டும் லைசென்ஸ் கிடைக்காது. கடல்ல கப்பல்ல இருந்த நாள் கணக்கு வேணும், அதுக்குப் பேர் சீ டைம். பிஎஸ்சி நாட்டிக்கல் சயின்ஸ் 3 வருஷம் படிச்சாலும் அதுக்கப்புறம் 12 மாசம் கப்பல்ல கேடட்டா, அதாவது பயிற்சில இருக்கிற ஆபீசரா, ஓடினாத்தான் செகண்ட் மேட்ங்கிற லைசென்ஸ் பரீட்சை எழுத முடியும், டிஎன்எஸ்ங்கிற 1 வருஷ டிப்ளமோ படிச்சா 18 மாசம், பிடெக் மரைன் இன்ஜினியரிங் 4 வருஷம் படிச்சா இன்ஜின் பக்க லைசென்ஸ் பரீட்சைக்கு 6 மாசம். அந்த சீ டைம் இல்லன்னா கையில இருக்கிறது பாதி படிப்புதான். ஆனா ஒரு பெரிய சரக்குக் கப்பல்ல மொத்த ஆளே 20, 25 பேர், அதுல கேடட்டுக்கு ரெண்டு மூணு பெட் இருந்தா அதிகம். கோர்ஸ் முடிச்சிட்டு ஒவ்வொரு வருஷமும் வெளிய வர்ற பசங்க அதவிட ரொம்ப அதிகம். இடிக்கிறது இங்கதான், காலேஜ் பில்டிங்லயோ யூனிபார்ம்லயோ இல்ல.

நான் தூத்துக்குடி பக்கம், பத்தாவது முடிச்சு ஜிபி ரேட்டிங் கோர்ஸ், அதாவது ஆபீசர் இல்லாத மாலுமி வேலைக்கான கோர்ஸ், படிச்சு கப்பல் ஏறினவன், இப்போ போசனா, அதாவது டெக் மாலுமிகளுக்கு மேஸ்திரி மாதிரி, இருக்கேன். ஆபீசர் ஆகப் போறவங்களுக்கும் இது பொருந்தும், ஆனா நான் பார்த்த பக்கம் டெக்ல, அதாவது மேல்தளத்துல, வேலை செய்றவங்க பக்கம்ங்கிறத மனசுல வச்சுப் படிங்க.

முதல் செலவு எதுன்னா கண் டெஸ்ட். அட்மிஷன் பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி, என்ட்ரன்ஸ் பரீட்சைக்கு முன்னாடி, முடிஞ்சா பதினொண்ணாவது படிக்கும்போதே டிஜி ஷிப்பிங் (கப்பல் துறைய கவனிக்கிற மத்திய அரசு அலுவலகம்) அங்கீகாரம் உள்ள டாக்டர்கிட்ட போய் ஒரு தடவை பார்த்துடுங்க. டெக் சைடுக்கு கண்ணாடி இல்லாம 6/6 பார்வை கேப்பாங்க. இன்ஜின் சைடுல ஒரு அளவு வரைக்கும் கண்ணாடிக்கு அனுமதி உண்டு. கலர் பிளைண்ட்னா ரெண்டு பக்கமும் கதவு மூடிடும், இந்தக் குறை இருக்கிறது நிறைய பேருக்கு அவங்களுக்கே தெரியாது, ஏன்னா தினசரி வாழ்க்கைல அது இடைஞ்சலே பண்ணாது.

எங்க தெருப் பையன் ஒருத்தன், கூட நான்தான் போயிருந்தேன். டாக்டர் ஒரு சின்ன புக்க எடுத்து முன்னாடி வச்சார், இஷிஹாரா புக்குன்னு சொல்வாங்க, பக்கத்துக்குப் பக்கம் ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள பூரா கலர் கலரா புள்ளி, அந்தப் புள்ளிக்குள்ள ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கும். முதல் பக்கம் 12, அது எல்லாருக்கும் தெரியும், அவனும் சொல்லிட்டான். கொஞ்சம் தள்ளி ஒரு பக்கம், எனக்கு நல்லா 74ன்னு தெரியுது, அவன் தயங்காம 21ன்னு சொன்னான். டாக்டர் என்னைப் பார்த்தார். அடுத்த நாலு பக்கத்துல அவனுக்கு எதுவுமே தெரியல. அதுக்குள்ள அவங்கம்மா நகைய அடகு வச்சு முதல் தவணை பீஸ் கட்டியாச்சு, கட்டின பணத்துல பாதிகூட திரும்பி வரல. ராத்திரில கப்பலோட இடது பக்கம் சிவப்பு லைட்டு, வலது பக்கம் பச்சை லைட்டு, எதிர்ல வர்றவன் எந்தப் பக்கம் காட்டிட்டு வர்றான்னு அந்த ரெண்டு கலர வச்சுத்தான் முடிவு பண்ணுவோம், அதனால இதுல யாரும் விட்டுக் கொடுக்க மாட்டாங்க. தெரிஞ்ச டாக்டர்கிட்ட சொல்லி சர்டிபிகேட் வாங்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கம்பெனி மெடிக்கல்ல மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்க, ஒவ்வொரு கான்ட்ராக்ட்டுக்கும் பண்ணுவாங்க.

கண்ணு சரின்னு ஆனப்புறம் வழிகளப் பார்க்கலாம். பத்தாவது முடிச்சவங்களுக்கு ஜிபி ரேட்டிங், 6 மாச கோர்ஸ், மொத்தத்துல 40 சதவீதமும் இங்கிலீஷ்ல 40 சதவீதமும் கேப்பாங்க, வயசு பதினேழரைல இருந்து 25க்குள்ள. இதுல போனா டெக்ல ட்ரெய்னி ஓஎஸ், அப்புறம் ஓஎஸ் (சாதாரண மாலுமி), ஏபி (தேர்ந்த மாலுமி), போசன், இன்ஜின் பக்கம் போனா வைப்பர், ஆயிலர், பிட்டர்னு ஏறலாம். சமையல்ல ஆர்வம் இருக்கிறவங்க மாரிடைம் கேட்டரிங் கோர்ஸ் பாருங்க, அதுவும் 6 மாசம்தான். கப்பல்ல நல்ல சீஃப் குக்குக்கு இருக்கிற மரியாதை கேப்டனுக்கு அடுத்தபடின்னு நான் மனசாரச் சொல்வேன், ஆறு மாசம் ஒரே முகங்களோட ஓடுற இடத்துல சாப்பாடுதான் எல்லாருக்கும் மூடு.

ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் எடுத்து 60 சதவீதம், இங்கிலீஷ்ல 50 இருந்தா ஆபீசர் வழிக்குப் போகலாம், ஐஎம்யு சிஇடின்னு ஒரு என்ட்ரன்ஸ் பரீட்சை எழுதணும். ஐஎம்யு-ன்னா இந்தியன் மாரிடைம் யுனிவர்சிட்டி, 2008ல ஆரம்பிச்சது, தலைமை இடமே நம்ம சென்னைல ஈசிஆர் பக்கம் இருக்கு. அந்த யுனிவர்சிட்டி கேம்பஸ்லயும் சேரலாம், அங்கீகாரம் உள்ள பிரைவேட் காலேஜ்லயும் சேரலாம், பரீட்சை ஒண்ணுதான். மெக்கானிக்கல் பிஇ முடிச்சவங்களுக்கு ஜிஎம்இன்னு கப்பல் இன்ஜினியர் ஆக ஒரு குறுக்கு வழி இருக்கு, எலக்ட்ரிக்கல் முடிச்சவங்களுக்கு கப்பலோட எலக்ட்ரிக்கல் ஆபீசர் ஆக இடிஓ கோர்ஸ், அது 4 மாசம்தான். இன்ஜினியரிங் படிச்சிட்டு வேலை இல்லாம இருக்கிற எலக்ட்ரிக்கல் பசங்க இதப் பத்தி கேள்விப்படவே இல்லன்னு சொல்றப்போ எனக்கு வருத்தமா இருக்கும், இன்னைக்கு கப்பல்ல எல்லாமே சென்சார், ஆட்டோமேஷன்தான்.

இப்போ அந்த முதல் கேள்விக்கு வர்றேன். முதல் கப்பலுக்கு இருக்கிறதுலயே நல்ல பதில் ஸ்பான்சர்ஷிப். அதாவது காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே ஒரு ஷிப்பிங் கம்பெனி உங்கள டெஸ்ட் வச்சு, இன்டர்வியூ பண்ணி, மெடிக்கல் பார்த்து, "படிச்சு முடி, நாங்க கப்பல்ல ஏத்துறோம்"னு லெட்டர் கொடுக்கிறது. ஆங்கிலோ ஈஸ்டர்ன், சினெர்ஜி, ஃப்ளீட் மேனேஜ்மென்ட் மாதிரி பெரிய கம்பெனிங்க கேடட் எடுக்கிறாங்க, அவங்க வெப்சைட்டுலயே அறிவிப்பு போடுவாங்க. நிறைய பேர் சிஇடி ரிசல்ட் வந்தப்புறம் ஸ்பான்சர்ஷிப் தேட ஆரம்பிக்கிறாங்க, அது லேட். சிஇடிக்குப் படிக்கும்போதே கூடவே இதுக்கும் அப்ளை பண்ணிட்டே இருங்க. அந்த இன்டர்வியூல பெரிய அறிவு எல்லாம் கேக்க மாட்டாங்க, ஏன் கடலுக்கு வர்ற, வீட்ட விட்டு இருப்பியா, கோபம் வந்தா என்ன பண்ணுவ, இதத்தான் இங்கிலீஷ்ல சுத்திச் சுத்தி கேப்பாங்க. மனப்பாடம் பண்ணின பதில் ரெண்டாவது கேள்விலயே உடைஞ்சிடும், உங்க ஊரப் பத்தி, உங்க அப்பா வேலையப் பத்தி இங்கிலீஷ்ல அஞ்சு நிமிஷம் நிக்காம பேசிப் பழகுங்க, அது போதும்.

ஸ்பான்சர்ஷிப் கிடைக்கலயா, அப்போ காலேஜத்தான் குடையணும். டிஜி ஷிப்பிங் வெப்சைட்டுல அங்கீகாரம் உள்ள இன்ஸ்டிடியூட் லிஸ்ட் இருக்கு, ஆனா இன்ஸ்டிடியூட் பேர் இருந்தா மட்டும் போதாது, நீங்க சேரப் போற அந்த குறிப்பிட்ட கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கா, ஒரு பேட்சுக்கு எத்தனை பேருக்கு அனுமதி, இன்ஸ்டிடியூட்டோட தரத்த பார்க்கிற சிஐபி இன்ஸ்பெக்ஷன்ல என்ன கிரேடு, இது மூணையும் பாருங்க, ஏ1 கிரேடு இருக்கிறதுலயே மேல. அப்புறம் நேர்ல போங்க. ஆபீஸ்ல உக்காந்து பேசுறவங்கள விட்டுட்டு, கேட்டுக்கு வெளிய டீக்கடைல நிக்கிற சீனியர் பசங்ககிட்ட கேளுங்க, போன பேட்சுல எத்தனை பேர் இன்னும் வீட்டுல இருக்காங்கன்னு. ஏறினவங்க எத்தனை பேர்னு கேட்டா சுவர்ல ஒட்டின போட்டோவக் காட்டுவாங்க, ஏறாதவங்க எத்தனை பேர்னு கேட்டாத்தான் நிஜம் வரும். அப்புறம் "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்"னு வாயால சொல்றத லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க, "பிளேஸ்மென்ட் உதவி"ன்னு எழுதினா அது வேற அர்த்தம்.

பேப்பர் வேலை. இதுல நம்ம ஊர் பசங்களுக்குன்னே ஒரு தனி வில்லங்கம் இருக்கு, இனிஷியல். பத்தாவது மார்க்‌ஷீட்டுல முத்துக்குமார் எஸ்-னு இருக்கும், ஆதார்ல எஸ் முத்து குமார்னு நடுவுல இடம் விட்டு இருக்கும், பாஸ்போர்ட்டுல அப்பா பேர விரிச்சு முத்துக்குமார் சுடலைமணின்னு வந்திருக்கும். மும்பைல உக்காந்திருக்கிற ஆபீஸ்காரருக்கு இது மூணு வேற ஆளு. இன்டோஸ் நம்பர் (கப்பல்காரங்களுக்கு அரசு தர்ற அடையாள நம்பர்), சிடிசி (எந்தக் கப்பல்ல எப்போ ஏறி இறங்கினோம்னு பதியுற புக்), கோர்ஸ் சர்டிபிகேட், பேங்க் அக்கவுன்ட் எல்லாம் இதுக்கு மேலதான் கட்டப்படுது, அடியில ஒரு எழுத்து மாறினா மேல எல்லாம் ஆடும். அதனால பாஸ்போர்ட் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பத்தாவது சர்டிபிகேட்டையும் ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா, இடைவெளி உட்பட, பிறந்த தேதி உட்பட சரி பாருங்க, தப்பு இருந்தா இப்பவே திருத்துங்க. ஜாயினிங் டேட் வந்தப்புறம் திருத்த ஓடினா கப்பல் உங்களுக்காக நிக்காது.

மத்தபடி வரிசை இதுதான்: பாஸ்போர்ட், இன்டோஸ் நம்பர், எஸ்டிசிடபிள்யூங்கிற உலக பயிற்சி விதிப்படி உள்ள அடிப்படை கோர்ஸுங்க, அதாவது கடல்ல உயிர் பிழைக்கிறது, தீயணைப்பு, முதலுதவி, பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும், அப்புறம் செக்யூரிட்டி கோர்ஸ், அதுக்கப்புறம் சிடிசி. யாராவது "இந்த அஞ்சு கோர்ஸ் மட்டும் பண்ணு, சிடிசி வாங்கித் தர்றேன், நேரா கப்பல்தான்"னு சொன்னா நம்பாதீங்க, அந்த அஞ்சும் எல்லாருக்கும் உள்ள அடிப்படை, அதுவே வேலைக்கான தகுதி ஆகாது. வெளிநாட்டு சிடிசி உடனே கிடைக்கும்னு விக்கிறவங்களும் இருக்காங்க, அத கையில வச்சுக்கிட்டு இந்தியக் கம்பெனி ஆபீஸ்ல போய் நின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. யெல்லோ பீவர் ஊசியும் போடணும், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுல போடுவாங்க, 2016க்கு அப்புறம் அந்த ஒரு ஊசி ஆயுசுக்கும் செல்லும், அதனால அந்த மஞ்சள் கார்ட மட்டும் தொலைச்சிடாதீங்க.

ஏஜென்ட் விஷயம். இத நான் அனுபவிச்சவன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கோர்ஸ் முடிச்சு எட்டு மாசம் வீட்டுல இருந்தேன். எங்கம்மா யார் கேட்டாலும் "இந்த மாசம் போயிடுவான்"னு சொல்லிச் சொல்லி, கடைசில கோயிலுக்குப் போறதையே நிறுத்திட்டாங்க. அந்த நேரத்துல தெரிஞ்சவங்க மூலமா சென்னைல ஒரு ஏஜென்ட், ஒரு மாடி ரூம், சுவர் பூரா கப்பல் படம், மேஜை மேல ஒரு பித்தளை நங்கூரம். ஒன்றரை லட்சம், பாதி முன்னாடி, பாதி டிக்கெட் கையில வந்தப்புறம். ரசீது கேட்டப்போ "கப்பல் லைன்ல ரசீது கிடையாது தம்பி"ன்னு சொன்னார். விசிட் விசால ஷார்ஜா போனேன். ஒரு ரூம், ஒன்பது பேர், அதுல நாலு பேர் தமிழ் பசங்க, "கப்பல் நாளைக்கு வருது"ன்னு தினம் சொல்வாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பின பணத்துல டிக்கெட் போட்டுத் திரும்பி வந்தேன். அந்த ரூம்ல என் கூட இருந்த ஒருத்தன் ஒரு சின்ன பழைய டேங்கர்ல ஏறினான், சம்பளம் வராம பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சுக்கிட்டு ஒரு வருஷத்துக்கு மேல இறங்க முடியாம கிடந்தான். அவனவிட நான் தப்பிச்சேன்.

அதனால இத அச்சடிச்சு மனசுல வச்சுக்கோங்க. இந்தியால கப்பலுக்கு ஆள் எடுக்க டிஜி ஷிப்பிங் தர்ற ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் வேணும், அந்த லைசென்ஸ் உள்ள எந்த கம்பெனியும் வேலைக்காக உங்ககிட்ட பணம் வாங்கக் கூடாது, சட்டப்படியே கூடாது, கப்பல் தொழிலாளருக்கான உலக ஒப்பந்தம் மாரிடைம் லேபர் கன்வென்ஷன் 2006லயும் அதேதான் இருக்கு. பாஸ்போர்ட், மெடிக்கல், சிடிசி செலவு உங்களோடதா இருக்கலாம், வேலை வாங்கித் தர்றதுக்கு காசுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. லைசென்ஸ் நம்பர் சொன்னா அங்கேயே நிறுத்திடாதீங்க, டிஜி ஷிப்பிங் வெப்சைட்டுல லிஸ்ட் இருக்கு, அந்த நம்பர் நடப்புல இருக்கா, சஸ்பெண்ட் ஆயிருக்கான்னு பாருங்க, அப்புறம் அந்த லிஸ்டுல இருக்கிற போன் நம்பருக்குக் கூப்பிட்டு "இந்தப் பேர்ல எனக்கு லெட்டர் வந்திருக்கு, நீங்க அனுப்பினதா"ன்னு கேளுங்க. ஏஜென்ட் கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டா அவன் ஆளேதான் எடுப்பான். நிஜ கம்பெனி பேர்ல போலி லெட்டர் அடிக்கிறது ரொம்ப சாதாரணம். கப்பலோட பேர், ஐஎம்ஓ (ஐ.நா.வோட கடல் அமைப்பு) நம்பர் கேளுங்க, அது அந்தக் கப்பலோட அடையாள நம்பர், ஏழு இலக்கம் இருக்கும், அத வச்சு இன்டர்நெட்டுல அந்தக் கப்பல் இப்போ எங்க நிக்குதுன்னே பார்த்துடலாம். விசிட் விசால போய் கப்பல் ஏறச் சொன்னா, வேலை ஒப்பந்தம் கையெழுத்து ஆகாம பிளைட் ஏறச் சொன்னா, ஏர்போர்ட்டுல டூரிஸ்ட்னு சொல்லுன்னு சொல்லிக் கொடுத்தா, அங்கேயே நின்னுடுங்க. ஒப்பந்தத்துல சம்பளம் எவ்வளவு, எத்தனை மாசம், திரும்பி வர்ற டிக்கெட் யார் பொறுப்பு, இது மூணும் இருக்கணும். கப்பல் முதலாளி ஆளுங்கள அப்படியே நடுவழில கைவிட்டுட்டா ஊருக்குத் திரும்புற செலவும் 4 மாசச் சம்பள பாக்கி வரைக்கும் இன்சூரன்ஸ் மூலமா கிடைக்கிற ஏற்பாடு 2017ல இருந்து அந்த கன்வென்ஷன்ல இருக்கு, ஆனா முறையா சைன் ஆன் பண்ணாம, அதாவது கப்பல்ல சேர்ந்ததா பதிவு ஆகாம, ஏறினவன் அத எப்படிக் கேப்பான்?

ஷார்ஜால இருந்து வந்தப்புறம் நான் என்ன பண்ணேன்னா, அந்த ஆர்பிஎஸ்எல் லிஸ்ட பிரிண்ட் எடுத்தேன். முதல்ல சென்னை, அப்புறம் மும்பை, ஏன்னா பெரும்பாலான ஆபீஸ் அங்கதான். ஒரு பைல்ல எல்லா சர்டிபிகேட் ஜெராக்ஸும், ஒரே பக்கத்துல பயோடேட்டா, காலைல ஒன்பது மணிக்கு ஒரு ஏரியால ஆரம்பிச்சு ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்குவேன். வாட்ச்மேன் உள்ள விட மாட்டார், பயோடேட்டாவ வாங்கி டப்பால போடுவார். அடுத்த வாரம் மறுபடி போவேன். நாலு மாசம் கழிச்சு ஒரு ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, ஒரு பல்க் கேரியர்ல ட்ரெய்னி ஓஎஸ், ஒரு பைசா கேக்கல. இன்னைக்கு பசங்க மெயில்லயும் கம்பெனி ஆப்லயும் அப்ளை பண்றாங்க, அதையும் செய்யுங்க, ஆனா எங்க எப்போ அப்ளை பண்ணோம், யார்கிட்ட பேசினோம்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க, மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி ஞாபகப்படுத்துங்க.

வீட்டுல காத்திருக்கிற அந்த மாசங்கள வீணாக்காதீங்க, கத்துக்க நிறைய இருக்கு. முதல்ல இங்கிலீஷ், கிராமர் இல்ல, காது. பிலிப்பைன்ஸ்காரர் ஒரு மாதிரி பேசுவார், உக்ரைன்காரர் ஒரு மாதிரி, நம்ம வடநாட்டு ஆபீசர் ஒரு மாதிரி. கப்பலுக்குன்னே ஐஎம்ஓ போட்ட ஸ்டாண்டர்டு வாக்கியங்கள் இருக்கு, எஸ்எம்சிபின்னு சொல்வாங்க, பிடிஎப் கிடைக்கும், அத சத்தமா படிங்க. நான் முதல் தடவை வீல் பிடிச்சது ஞாபகம் இருக்கு. பைலட், அதாவது துறைமுகப் பக்கம் கப்பலுக்கு வழி சொல்றவர், "போர்ட் டென்"னு, அதாவது இடது பக்கம் பத்து டிகிரின்னு, சொன்னா நான் முதல்ல "போர்ட் டென்"னு திருப்பிச் சொல்லணும், அப்புறம்தான் சுக்கானத் திருப்பணும், முள்ளு பத்துல வந்து நின்னப்புறம் "வீல் ஆன் போர்ட் டென்"னு மறுபடி சொல்லணும். அன்னைக்கு எனக்குச் சரியா காதுல விழல, கேக்க வெக்கப்பட்டு தலைய மட்டும் ஆட்டினேன். பக்கத்துல நின்ன கேப்டன் கத்தல, என் தோள்ல கை வச்சு "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு, ஒரு செகண்டுதான் போகும், தப்பாத் திருப்பினா கப்பலே போகும்"னு சொன்னார். புரியாதத புரிஞ்ச மாதிரி தலையாட்டுற பழக்கம் நம்ம பசங்ககிட்ட ரொம்ப உண்டு, ஸ்கூல்லயே பழகினது. அத கரைலயே விட்டுட்டு ஏறுங்க.

அப்புறம் கயிறு. பவுலைன், குளோவ் ஹிட்ச்னு ரெண்டு முடிச்சு, ரெண்டும் கண்ண மூடிட்டு போடத் தெரியணும், கையில கிளவுஸ் போட்டுக்கிட்டும் போடத் தெரியணும். மீன்பிடி குடும்பத்துப் பசங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்கு, எங்க பக்கத்துல தோணிய ஓட்டின தண்டலா இருந்த தாத்தாக்கள்கிட்ட ஒரு சாயங்காலம் உக்காந்தா கோர்ஸ்ல சொல்லித் தராததெல்லாம் வந்துடும், மாலத்தீவு வரைக்கும் ஓடினவங்க அவங்க. ஆனா பெரிய கப்பல் கயிறு வேற விஷயம்ங்கிறதையும் சொல்லணும். கரைல கட்டும்போது டென்ஷன்ல இருக்கிற மூரிங் கயிறு அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், அது அடிக்கிற பாதைல நின்னா கால் இருக்காது, உயிரும் இருக்காது. கயிறு வளையத்துக்குள்ள கால வைக்காதீங்க, இறுகி நிக்கிற கயிறுக்கு நேர் பின்னாடி நிக்காதீங்க, எவ்வளவு அவசரம்னாலும். நான் போசனா இருக்கிற கப்பல்ல புதுப் பையன் ஏறினா முதல் நாள் பெயின்ட் டப்பாவக் காட்டுறதுக்கு முன்னாடி அவன அழைச்சிட்டுப் போய் எங்க நிக்கக் கூடாதுன்னு காட்டுவேன். நீச்சலும் கத்துக்கோங்க, கிணத்துலயோ குளத்துலயோ. இன்ஜின் பக்கம் போறவங்க ஊர்ல ஒரு லேத் பட்டறைலயோ வெல்டிங் பட்டறைலயோ மூணு மாசம் சும்மாவாவது நில்லுங்க, பிட்டர் ஆகணும்னா அந்தக் கை பேசும்.

சம்பளத்தப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ரேட்டிங்குக்கு பெரும்பாலும் கப்பல்ல இருக்கிற மாசத்துக்குத்தான் சம்பளம், லீவுல வீட்டுல இருக்கிற மாசத்துக்கு வராது, அடுத்த கான்ட்ராக்ட் எப்போன்னு உறுதியும் இருக்காது. ஒன்பது மாச சம்பளத்த பன்னெண்டு மாசமா, சில சமயம் பதினாலு மாசமா பிரிச்சுப் பாருங்க, அப்போ வர்றதுதான் உங்க நிஜ மாச வருமானம். முதல் கான்ட்ராக்ட் முடிச்சு வந்து பைக் வாங்கி, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, ரெண்டாவது கப்பல் லேட் ஆனதும் வட்டிக்கு வாங்கின பசங்க எங்க ஊர்ல நிறைய. வரிக்கு என்ஆர்ஐ கணக்குல வரணும்னா அந்த நிதி ஆண்டுல 182 நாளுக்கும் குறைவாத்தான் இந்தியால இருந்திருக்கணும், அந்த நாள் கணக்கு சிடிசில இருக்கிற சைன் ஆன், சைன் ஆப் தேதிய வச்சுத்தான் வரும், ஆகையால அந்த ஸ்டாம்ப் ஒழுங்கா விழுந்திருக்கான்னு இறங்கும்போதே பாருங்க.

பொம்பளப் பிள்ளைங்க கேட்டா வீட்டுல உடனே வேண்டாம்னு சொல்றாங்க, அது மாறணும்னு நான் உண்மையா நினைக்கிறேன். ரேஷ்மா நிலோபர் நாஹா சென்னைப் பொண்ணு, கொல்கத்தா ஹூக்ளி ஆத்துல கப்பல ஓட்டிட்டுப் போற பைலட், இந்தியால முதல் பெண் ரிவர் பைலட். கேப்டன் ராதிகா மேனன் 2015ல ஒடிசா கரைக்கு அப்பால கொந்தளிப்புல மாட்டின படகுல இருந்து 7 மீனவங்கள காப்பாத்தினாங்க, 2016ல அதுக்கு ஐஎம்ஓவோட வீர விருது வாங்கின முதல் பெண் அவங்கதான். சேர்றதுக்கு முன்னாடி அந்த கம்பெனில ஏற்கனவே எத்தனை பெண்கள் ஓடுறாங்கன்னு கேளுங்க, ஒரே கப்பல்ல ரெண்டு பேரா போடுவாங்களான்னு கேளுங்க, நல்ல கம்பெனி இந்தக் கேள்விய தப்பா எடுத்துக்காது.

கண்ணு பெயில் ஆயிடுச்சு, இல்ல வீட்ட விட்டு இருக்க முடியாதுன்னா கடல் சார்ந்த வேலை அதோட முடிஞ்சு போயிடல. அந்த 74 பையன் இப்போ தூத்துக்குடில ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல இருக்கான், எச் கார்டுங்கிற அடையாள அட்டைல ஆரம்பிச்சான், அப்புறம் பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்கிட்டான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறான். ஐடிஐல பிரிட்ஜ் ஏசி படிச்சவங்களுக்கு ரீபர் கன்டெய்னர், அதாவது குளிரூட்டின சரக்குப் பெட்டி, வேலை இருக்கு, மீன், இறால் ஏத்துமதி இருக்கிற வரைக்கும் அது குறையாது. வெல்டர்னா 3ஜி, 4ஜி, 6ஜி பொசிஷன்ல டெஸ்ட் பாஸ் பண்ணுங்க, கொச்சின் ஷிப்யார்டு அப்ரன்டிஸ் அறிவிப்ப விடாமப் பாருங்க. மீனவர் குடும்பத்துப் பிள்ளைங்க சென்னை ராயபுரத்துல இருக்கிற சிப்நெட்டத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, மத்திய அரசோட மீன்வளப் பயிற்சி நிலையம், பத்தாவது முடிச்சவங்களுக்கு வெசல் நேவிகேட்டர், மரைன் பிட்டர்னு ரெண்டு கோர்ஸ், ரெண்டுமே 2 வருஷம், பிரைவேட்ல கேக்குற பீஸுக்குப் பக்கத்துலகூட வராது.

கடைசியா, ஜாயினிங் டேட் வந்துடுச்சு, பேக் கட்டுறீங்கன்னு வச்சுப்போம். சிடிசி, பாஸ்போர்ட், எல்லா ஒரிஜினலும் தோள்ல மாட்டுற பைல, செக்-இன்ல போடாதீங்க, பெட்டி வேற ஊருக்குப் போயிடும், நீங்க மட்டும் கப்பல் ஏணி கிட்ட நிப்பீங்க. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உங்க மெயில்லயும் வீட்டுல ஒருத்தர் போன்லயும் வச்சிடுங்க. மாத்திரை எடுத்துட்டுப் போனா டாக்டர் சீட்டோட போங்க. அப்புறம் துபாய், புஜைரா பக்கம் ஜாயினிங்னா, அம்மா வறுத்து அரைச்சுக் கட்டிக் கொடுத்த மசாலாப் பொடில கசகசா போட்டிருக்காங்களான்னு கேட்டுட்டு எடுத்து வைங்க, அங்க கசகசா தடை செஞ்ச பொருள், ஏர்போர்ட்டுல பிடிச்சா ஜெயில் வரைக்கும் போகும். போட்டிருந்தா வேற பொடி அரைக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஊறுகாயோட நிறுத்திக்கோங்க.